அப்பா வீட்டைவிட்டு வர மாட்டேன் என்கிறார், புயலுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது

புலத்து மகள் | திங்கள், இரவு 9:40

வணக்கம். இதுவரை இங்கே வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி, எழுதியதில்லை. இன்று வேறு வழி தெரியவில்லை.

நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் ஊரில், வேதாரண்யத்துக்கு மேற்கே ஆயக்காரன்புலம் பக்கம். தம்பி சிங்கப்பூரில். வங்கக்கடலில் இருக்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நாளைக்குள் புயலாகிவிடும், வியாழன் இரவு டெல்டா கரைக்கு வரலாம் என்று செய்தியில் சொல்கிறார்கள். அப்பாவிடம் பேசினேன். "எழுபத்தேழு புயலையும் பார்த்தாச்சு, கஜாவையும் இதே வீட்டில் இருந்து பார்த்தாச்சு. நீ வேலையைப் பாரு" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

முன்கட்டு சீமை ஓடு. பின்னால் சமையல்கட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வீட்டைச் சுற்றிப் பதினான்கு தென்னை. ஒரு கறவை மாடு, ஒரு கன்று. அப்பாவுக்கு வயது 71, பிரஷர் இருக்கிறது. அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். இன்றிரவு பஸ் ஏறுகிறேன், காலையில் ஊரில் இருப்பேன். மூன்று நாளில் என்னதான் செய்ய முடியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு | திங்கள், இரவு 10:15

தங்கச்சி, நான் பட்டுக்கோட்டைப் பக்கம். பதறாமல் பஸ் ஏறு.

கஜா 2018 நவம்பர் 15 ராத்திரி வந்தது, 16 விடிவதற்குள் போய்விட்டது. மொத்தக் கூத்தும் ஐந்தாறு மணி நேரம்தான். அதற்காக மெழுகுவத்தி, பிரட், பிஸ்கட், டார்ச் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தோம். எங்கள் தெருவுக்கு கரண்ட் வந்தது 24ஆவது நாள். டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சம் மின்கம்பங்களுக்கு மேல் விழுந்து கிடந்தன, எத்தனை ஆள் வந்தாலும் நட்டு முடிக்க முடியுமா? ஆகவே அந்த ஒரு ராத்திரியை மட்டும் மனதில் வைத்துச் சாமான் வாங்காதே. அதற்குப் பிறகு வரும் பதினைந்து நாளை மனதில் வைத்து வாங்கு.

எங்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, அரிசி இருந்தது. தவித்தது தண்ணீருக்கு. போர்வெல் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, கரண்ட் இல்லையே. நாலாம் நாள் குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். டேங்க் நிரப்ப இவ்வளவு, செல்போன் சார்ஜ் ஏற்ற இவ்வளவு என்று வசூல். திட்டவும் முடியவில்லை, அவர் வராத நாளில் தேடினோம். உங்கள் தெருவில் அடிபம்பு இருந்தால் நாளைக்கே போய் அடித்துப் பார். வாஷர் போயிருந்தால் இப்போதே மாற்று. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க என்று நாலு லிட்டர் கணக்கு வைத்துக்கொள். குளிக்க, கழுவ வேறு தண்ணீர்.

தென்னை ஏறும் ஆளை இன்றிரவே போனில் பிடி. அறிவிப்பு வந்தபின் கூலி இரட்டிப்பாகிவிடும், ஆளும் கிடைக்காது. முற்றிய குலைகளையும், காய்ந்த மட்டை, அடிமட்டைகளையும் இறக்கச் சொல். காற்று பிடிக்கும் பாரம் குறையும், பறக்கிற தேங்காயும் குறையும். அரிவாள், கைவாள், கயிறு, கடப்பாரை நாலும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். விடிந்ததும் வாசலில் மரம் கிடக்கும், வெட்டினால்தான் வெளியே வர முடியும். எங்கள் அரிவாள் மாட்டுக் கொட்டகையில் இருந்தது, கொட்டகை அதன்மேல் இருந்தது.

மூன்றாவது மாடி | திங்கள், இரவு 10:50

சென்னைக்காரன் அனுபவம் ஒன்று. வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12. பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசே இல்லை, கரண்ட் போனதும் ஏ.டி.எம்., கார்டு மிஷின் எல்லாம் படுத்துவிட்டன. பால்காரர் தெரிந்தவர் என்பதால் கடனுக்குக் கொடுத்தார். யு.பி.ஐ. வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், டவர் போனால் அதுவும் போச்சு. நூறும் ஐம்பதுமாக ஒரு ஐயாயிரம் வையுங்கள்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டிவிடுங்கள். கார் இருந்தால் மேடான இடத்தில் நிறுத்துங்கள். எங்கள் வேளச்சேரியில் எச்சரிக்கை வந்தாலே மேம்பாலம் கார் பார்க்கிங் ஆகிவிடும், ஊரே சிரிக்கும். 2023இல் மிக்ஜாம் மழையில் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள்.

கொத்துக்கரண்டி | செவ்வாய், காலை 6:05

மூன்றாவது மாடி சாருக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாமல் இருக்காது. சின்னச் சில்லாக விழ வேண்டியது பெரிய துண்டாக விழும், அவ்வளவுதான் லாபம். வெளியிலிருந்து பலகை அடிக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

சகோதரி, நான் வீடு கட்டுகிற வேலையில் இருக்கிறேன், தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் நிறையக் கூரைகளைப் பார்த்தேன். ஓட்டு வீட்டில் முதலில் போவது நடு ஓடு அல்ல. கூரையின் கீழ் ஓரமான இறவாரத்து ஓடும் முகட்டு ஓடும்தான். காற்று இறவாரத்துக்கு அடியில் நுழைந்து தூக்கும். ஒன்று எழுந்துவிட்டால் பக்கத்து ஓட்டுக்குப் பிடிமானம் இல்லை, சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகப் போகும். ஆறுகாட்டுத்துறை பக்கத்தில் பழைய மீன்வலை கிடைக்குமா என்று விசாரியுங்கள். கூரை முழுவதும் விரித்து, நாலு பக்கமும் கீழே இழுத்து, முளையடித்துக் கட்டுங்கள். கடற்கரையில் கீற்றுக் கொட்டகைகளை அப்படித்தான் கட்டுவார்கள், ஓட்டுக்கும் உதவும். கயிற்றைத் தென்னையில் மட்டும் கட்டிவிடாதீர்கள், மரம் ஆடுகிற ஆட்டத்தில் கூரையையே இழுத்துக்கொண்டு போகும்.

ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மணல் மூட்டைகளை உத்தரத்துக்கு நேராக வையுங்கள், நடுவில் வைத்தால் பாரத்தில் ஷீட்டே உடையும். ஆணி, ஜே போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். புயல் அடிக்கும்போது அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி முன்கட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

மேல்நிலை டேங்க்கைத் தளும்ப நிரப்புங்கள். ஐந்நூறு லிட்டர் என்றால் அரை டன், எளிதில் பறக்காது. காலி டேங்க் பலூன் மாதிரிதான்.

இன்னொன்று: "ஒரு பக்கக் கதவைத் திறந்து வை, வந்த காற்று போகட்டும்" என்று ஊரில் சொல்வார்கள். காற்று அடிக்கிற பக்கம் எதையும் திறக்காதீர்கள். உள்ளே புகுந்த காற்று ஓட்டைக் கீழிருந்து தள்ளும், மேலே போகிற காற்று உறிஞ்சும், கூரைக்கு இரண்டு பக்கமும் இடி. எதிர்ப் பக்கத்துக் கதவு மட்டும் அவசரத்துக்குத் திறக்கிற மாதிரி இருக்கட்டும், அதன் முன்னால் பீரோவை நகர்த்தி வைத்துவிடாதீர்கள்.

மொத்தத்தில், இத்தனையும் செய்தாலும் அந்த வீட்டில் அந்த ராத்திரி இருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

புலத்து மகள் | செவ்வாய், காலை 9:30

வந்து சேர்ந்துவிட்டேன். வெயில் அடிக்கிறது! அப்பா திண்ணையில் உட்கார்ந்து வானத்தைக் காட்டி, "இதுக்கா பஸ் ஏறி வந்தே?" என்றார். மரம் ஏறும் ஆள் மதியம் வருகிறேன் என்றிருக்கிறார். இரண்டாயிரம் கேட்டார், சரி என்றுவிட்டேன்.

ஒரு சந்தேகம். "முதலில் வாடைக்காற்று வரும், அதைப் பார்த்துக்கிட்டு முடிவு பண்ணலாம்" என்கிறார் அப்பா. காற்றின் திசையை வைத்து அப்படி முடிவு செய்ய முடியுமா?

ராடார் பித்தன் | செவ்வாய், காலை 10:20

அப்பா சொல்வது பாதி சரி. புயல் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவது. கடலில் உங்களுக்குக் கிழக்கே இருக்கும்வரை காற்று வடக்கிலிருந்துதான் அடிக்கும், அதுதான் அவர் சொல்லும் வாடை. அது திரும்புவதில்தான் சங்கதி. புயல் உங்களுக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கு, கொண்டல் (கிழக்கு), அப்புறம் தென்கிழக்கு என்று மாறும், கடலைக் கரைமேல் தள்ளும். வடக்கே கடந்தால் வடமேற்கு, கச்சான் (மேற்கு), தென்மேற்கு என்று போகும், கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கும். ஆனால் வேதாரண்யத்துக்குக் கிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல். ஒரு பக்கம் உள்வாங்கினால் எல்லாப் பக்கமும் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கஜாவில் புஷ்பவனத்தில் கடல் சேறு ஊருக்குள் வந்ததை அப்பா பார்த்திருப்பார்.

நேராக உங்கள் தலைமேல் கடந்தால் வாடை உச்சத்தில் அடித்து, சட்டென்று நிற்கும். அதுதான் புயலின் கண். கால் மணி நேரமோ முக்கால் மணி நேரமோ நிசப்தமாக இருக்கும். புயல் போயாச்சு என்று ஆட்கள் வெளியே வருவார்கள், மாட்டைப் பார்க்கப் போவார்கள். அப்போது எதிர்த்திசையில் சோழகம் எழும். வடக்குக் காற்றில் வேர் ஆட்டம் கண்ட மரத்தைத் தெற்குக் காற்று சாய்க்கும். காற்று நின்றால் வெளியே வரக் கூடாது, இதை மட்டும் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடையைப் பார்த்து முடிவு செய்வதில் இன்னொரு சிக்கல்: அது பலமாக எழும்போது மரம் விழ ஆரம்பித்திருக்கும், வண்டி ஓடாது. வானிலை மையத்தின் புயல் எச்சரிக்கை சுமார் 24 மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். கிளம்ப அதுதான் நேரம்.

ஒரு கொசுறு. டி.வி.யில் "9ஆம் எண் கூண்டு, 10ஆம் எண் கூண்டு" என்று பயமுறுத்துவார்கள். அது துறைமுகத்தில் கப்பல்களுக்கு. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் கடக்கும், இல்லை நேராகவா என்பதைத்தான் எண் சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது காற்றின் வேகம். 62 முதல் 88 கிலோமீட்டர் என்றால் புயல், 89 முதல் 117 என்றால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல்.

சும்மா ஒரு ஆள் | செவ்வாய், காலை 11:00

இவர்கள் சொல்கிற புயலில் பாதி வரவே வராது. ஸ்கூல் லீவு விட்டதும் வெயில் அடிக்கும். பெரியவரைச் சும்மா விடுங்கம்மா.

ராடார் பித்தன் | செவ்வாய், காலை 11:12

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கலும் அப்படித்தான், புயலாகாது என்று ஒரு கட்டத்தில் எல்லோரும் கைவிட்டாச்சு. மறுநாள் புயலானது, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம்காரர்களிடம் போய் இதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வார்டு அக்கா | செவ்வாய், மதியம் 1:40

நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அம்மாவின் இன்சுலினைப் பற்றி யாருமே பேசவில்லையே!

ஃப்ரிட்ஜ் நின்றதும் பலர் செய்கிற தவறு, இன்சுலினை ஐஸ்கட்டி மேல் நேராக வைப்பது. உறைந்துபோனால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான், மறுபடி உருகினாலும் பயனில்லை. புது மண்பானையில் பாதி மணல், தண்ணீர் தெளித்து நனைத்து, உள்ளே ஒரு சின்னச் சட்டி, அதற்குள் மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும். திறந்து உபயோகத்தில் இருக்கிற மருந்து பெரும்பாலும் நாலு வாரம் ஃப்ரிட்ஜ் இல்லாமல் தாங்கும். அவர் மருந்தின் அட்டையில் எத்தனை நாள், எத்தனை டிகிரி என்று போட்டிருக்கும், படித்துக்கொள்ளுங்கள். ஊசி, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். சீட்டை போனில் படம் எடுத்தாலும் காகிதத்தையும் கவரில் போட்டு வையுங்கள். சர்க்கரைக்காரர் அலைச்சலில் சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுக்கொள்வார், அப்புறம் மயங்கி விழுவார். கொஞ்சம் வெல்லம் கையில் இருக்கட்டும்.

அப்புறம் பாம்பு. தண்ணீர் ஏறினால் அதற்கும் காய்ந்த இடம் வேண்டும், நம் வீட்டுக்கே வரும். இருட்டில் விறகு அடுக்கில் கை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தெருவில் நிறைமாதக் கர்ப்பிணி யாராவது இருந்தால் கிராம செவிலியரிடம் சொல்லி நாளைக்குள் சேர்க்கச் சொல்லுங்கள். புயல் ராத்திரி 108க்கு போன் கிடைத்தாலும் வண்டி வரப் பாதை இருக்காது.

மீன்பாடும் தேன்நாடு | செவ்வாய், மாலை 4:25

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். எங்களுக்கு இது சூறாவளி. 1978 நவம்பர் 23 அடிச்சது, எனக்கு அப்ப எட்டு வயசு. எங்கட அப்பாவும் வீட்ட விட்டு வர மாட்டன் எண்டுதான் நிண்டவர். அம்மா ஒண்டும் பேசேல்ல. எங்க மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடக்கத் தொடங்கினா. கொஞ்ச நேரத்தில அப்பா பின்னால சைக்கிள உருட்டிக்கொண்டு வந்தவர். விடியத் திரும்பிப் போகேக்க தென்னந்தோப்பு எல்லாம் சீப்பால வாரின மாதிரி ஒரே பக்கம் படுத்துக் கிடந்தது. வீட்டில சுவர் மட்டும் நிண்டது. தங்கச்சி, அப்பாவோட வாதாடாதேங்கோ. அம்மாவக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

தம்பாவாசி | செவ்வாய், இரவு 8:10

ஃப்ளோரிடாவிலிருந்து. இங்கே இதன் பெயர் ஹரிக்கேன். 2024 செப்டம்பர் 26 ஹெலீன் எங்களுக்கு வெகு தூரம் வடக்கே கரையேறியது. தூரத்தில்தானே போகிறது என்று தங்கிவிட்டவர்கள் வீட்டுக்குள் தம்பா விரிகுடா புகுந்தது. இரண்டு வாரம் கழித்து அக்டோபர் 9 மில்டன் எங்களுக்குச் சற்றுத் தெற்கே கடந்தது, பெரும் வெள்ளம் வரும் என்று ஊரே கிளம்பியது. காற்று கடலைப் பார்த்து அடித்ததால் விரிகுடாத் தண்ணீர் வற்றிப் போனது. ராடார் பித்தன் சொன்ன கணக்குதான், இங்கே மேற்குக் கரை என்பதால் திசை மட்டும் மாறும். இங்கே தெருவுக்குத் தெரு வெளியேற வேண்டிய மண்டலம் என்று எழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள், உங்கள் எழுத்தைச் சொன்னால் கிளம்ப வேண்டும். ஜன்னலுக்கு ப்ளைவுட் அடிப்பார்கள்.

தென்னந்தோப்பு | செவ்வாய், இரவு 8:30

எங்களுக்கு எழுத்தெல்லாம் கிடையாது தம்பி, வி.ஏ.ஓ. வருவார், ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துவார்கள். ப்ளைவுட் அடிக்கிற காசுக்கு இங்கே ஒரு கூரையே போட்டுவிடலாம் :)

புலத்து மகள் | புதன், இரவு 10:05

நாள் முழுக்கப் போன் கையில் எடுக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பதினான்கு மரத்திலும் காய் இறக்கியாச்சு. வலை ஆறுகாட்டுத்துறையில் ஒரு அண்ணனிடம் கிடைத்தது. மீன் வாடையோடு கூரைமேல் கிடக்கிறது. தெருப் பூனைகளெல்லாம் வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் போட்ட முடிச்சைப் பார்த்து, "இது பொட்டலம் கட்டுற முடிச்சு" என்று அவிழ்த்துவிட்டு அப்பாவே எல்லாவற்றையும் மறுபடி கட்டினார். வர மாட்டேன் என்றவர் வெயிலில் இரண்டு மணி நேரம் முளையடித்தார்!

மாமா வீடு மாடி வீடு, ஒரு கிலோமீட்டர்தான். ராத்திரி அங்கே போகலாம் என்றதற்கு மறுபடியும் இல்லை என்றார். வாதாடவில்லை. அம்மாவின் துணிகளை மடித்து வைத்தேன். அப்போதுதான் அப்பா மெதுவாக, "லட்சுமியை யார் பார்ப்பா?" என்றார். இவ்வளவு நாளும் அதுதானா காரணம்! கஜாவில் கட்டிப்போட்ட இடத்திலேயே கொட்டகை விழுந்து ஒரு மாடு செத்தது, சொன்னதே இல்லை என்னிடம். மாமாவுக்குப் போன் போட்டேன். கார் ஷெட்டைக் காலி செய்து தருகிறேன் என்றார். அப்பா மாட்டையும் கன்றையும் நடத்திக்கொண்டு மாலையே அங்கே போய்விட்டார், எங்களுக்கு முன்னாலேயே!

பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாம் உர மூட்டையின் உள் கவரில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில். பெட்டியின் அடியில் அம்மாவின் கல்யாணப் பத்திரிகை இருந்தது, அதையும் கவருக்குள் வைத்தேன். எழுபத்தேழில் எடுத்த படம் ஏதாவது இருக்குமா என்று தேடினேன், இல்லை.

கொத்துக்கரண்டி | புதன், இரவு 10:20

மாட்டை ஷெட்டில் கட்டும்போது உருவு முடிச்சுப் போடச் சொல்லுங்கள், ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்தாச்சா?

புலத்து மகள் | புதன், இரவு 10:22

அணைத்தாச்சு அண்ணா. முடிச்சைப் பற்றி அப்பாவிடம் நான் பேசுவதாக இல்லை.

புலத்து மகள் | வியாழன், இரவு 11:48

வாடை நல்லா அடிக்கிறது. கரண்ட் எட்டு மணிக்கே நிறுத்திவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் படுத்திருக்கிறோம், பதினோரு பேர். டவர் ஒரு கோடுதான், இனி எழுத மாட்டேன்.

ராடார் பித்தன் | வெள்ளி, காலை 5:30

கரையேறுவதற்கு முன்பே வலுக்குறைந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிவிட்டது. உங்களுக்கு வடக்கே கடந்திருக்கிறது. மழை இன்னும் இருக்கும். விடிந்ததும் அறுந்த கம்பி எதையும் தொடாதீர்கள், மின்னகம் எண் 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

சும்மா ஒரு ஆள் | வெள்ளி, காலை 7:00

நான் அப்பவே சொன்னேன்.

புலத்து மகள் | ஞாயிறு, மாலை 5:15

இன்றுதான் கரண்ட் வந்தது, மூன்றாம் நாள். எல்லோரும் நலம். முகட்டில் எட்டு ஓடு நகர்ந்திருக்கிறது, வலைக்குள்ளேயே கிடந்தது, ஒன்றுகூடக் கீழே விழவில்லை. சமையல்கட்டில் ஒரு ஷீட் விரிசல். தென்னை எல்லாம் நிற்கிறது. "மொட்டையடிச்ச மாதிரி ஆக்கிட்டே" என்று அப்பா மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுக்கிறார். டேங்க் தண்ணீரைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். அடிபம்பும் வேலை செய்தது. தென்னந்தோப்பு அண்ணனுக்கு நன்றி, செவ்வாயே வாஷர் மாற்றிவிட்டோம்.

அப்பா மாமா வீட்டிலிருந்து நேற்றுத்தான் திரும்பினார். கார் ஷெட்டில் சிமெண்டுத் தரை, லட்சுமிக்கு வழுக்கியதாம், அடுத்த தடவை வைக்கோல் அதிகமாகப் போட வேண்டுமாம். "அடுத்த தடவை" என்று அவர் வாயிலேயே வந்தது. அம்மா என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

தென்னந்தோப்பு | ஞாயிறு, மாலை 6:00

நல்லது தங்கச்சி. இறக்கின தேங்காயையெல்லாம் என்ன செய்தே? வலையைப் பத்திரமாகச் சுருட்டி வை, எலி கடிக்காமல்.

புலத்து மகள் | ஞாயிறு, மாலை 6:20

தேங்காய் பாதியை வியாபாரி வந்து எடுத்துக்கொண்டார், மீதி தெரு முழுக்கத் துவையல். வலையைக் கழற்ற அம்மா விடவில்லை அண்ணா. கூரைமேல் சுரைக்கொடி ஏற்றிவிடப் போகிறாராம்.